வண்டியை நிறுத்து, அக்கா

நைரோபி
2 பிப்ரவரி 2025

சாஜித்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வெள்ளிக்கிழமை போனில் நான் போட்ட சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கிறது. மறுநாள் காலையில் அந்த வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, எல்லாம் நலம்தானே என்று விசாரித்தார். இனிமேல் போன் வேண்டாம். உன் எண்ணையும் ஷபீனா எண்ணையும் தடுத்து வைத்திருக்கிறேன். பேசினால் நீ பேச்சை மாற்றுவாய், நான் அழுவேன், கேட்டது கேட்டபடியே நிற்கும். உன் பெண்டாட்டி நடுவில் வந்து சமாதானம் பேசுவாள். எழுது. மின்னஞ்சல் போதும்.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துக் கிடங்கில் என் காரைக் கன்டெய்னரில் ஏற்றியபோது எடுத்த படங்களை அனுப்பியிருக்கிறார்கள். இடது ஹெட்லைட் புதுசாகப் பளபளக்கிறது. வலதுபக்க லைட் பழைய மஞ்சளில் அப்படியே இருக்கிறது. பம்பரின் இடது மூலையில் நீலம் ஒரு சாயல் தள்ளியிருக்கிறது. ஜனவரி பதினொன்றாம் தேதி நான் விமானம் ஏறியபோது இரண்டு லைட்டும் ஒரே மஞ்சள். பிறகு அந்த வண்டி உன் கையில்தான் இருந்தது.

வேலைக்காக இங்கே குடிவருகிறவர் தான் ஓட்டிய ஒரு காரைக் கொண்டுவரலாம். அதற்கு நான் ஓர் உறுதிமொழி கொடுக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் இது என் பெயரில், என் உபயோகத்தில் இருந்தது, விபத்து எதிலும் சிக்கவில்லை என்று எழுதி என் கையெழுத்துப் போட வேண்டும். அதனால்தான் கேட்கிறேன். என்ன நடந்தது?

ஆஃபியா

தாம்பரம்
5 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். பரீட்சை எழுதி முடித்த பிறகு இவ்வளவு நீளமாக நான் எதையும் எழுதியதில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

கிடங்கில் வண்டியைப் பின்னால் எடுத்தபோது ஒரு தூணில் இடது மூலை லேசாக உரசியது. கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. அக்காவின் வண்டி வெளிநாட்டுக்குப் போகிறது, உடைந்த லைட்டோடு போகக் கூடாதே என்று நானே மாற்றினேன். பெயின்ட் கடைக்காரன் நீலத்தைச் சரியாகக் கலக்கவில்லை. அவ்வளவுதான். இதற்கு விபத்து என்று பெயர் வைப்பாயா? கையெழுத்தைப் போடு.

திருமுடிவாக்கம் பட்டறையில் வேலை நிறைய. ஒரு பள்ளிக்கூடத்துக்கு கேட் செய்கிறோம். நேற்று மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை.

ஒரு விஷயம். கப்பல் வந்ததும் அவசரப்படாதே. மொம்பாசா துறைமுகத்திலிருந்து நைரோபிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் என்கிறார்கள். ஒரு லாரியில் ஏற்றி எடுத்துக்கொள். உனக்கு எதற்கு அந்தச் சிரமம்?

சாஜித்

நைரோபி
10 பிப்ரவரி

சாஜித்,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் வார்த்தையை நம்பித்தான் போட்டேன். அதை நினைவில் வைத்துக்கொள்.

இங்கே என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். மூன்று ஊர்களில் மூன்று மருத்துவமனைகள். அங்குள்ள டயாலிசிஸ் இயந்திரங்கள் ஓடுவதற்கு நான் பொறுப்பு. ஒன்று நின்றால் அன்றைக்கு ஆறு பேர் காத்திருப்பார்கள். சொந்த வண்டியில் வருவேன் என்று நேர்முகத் தேர்வில் நானே சொன்னேன். அதனால்தான் எடுத்தார்கள். மார்ச் முடிவு வரை தகுதிகாண் காலம். இப்போது வாடகைக் காரில் போகிறேன். நேற்று ஓட்டுநர் நான் காலில் மாட்டியிருக்கும் இரும்புக் காலிப்பரைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே அக்குளில் கைகொடுத்துத் தூக்கி இறக்கினார். நல்ல மனுஷர். ஆனால் இரவெல்லாம் எனக்குக் கூசியது.

நான்கு வருடம் தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு நானே ஓட்டிப்போனேன். இழுத்தால் வேகம், தள்ளினால் பிரேக். கையால் இயக்கும் ஒரு லீவர்தான் எனக்குக் கால். அதை நீ செய்து கொடுத்தாய். கம்பெனியில் செய்த லீவர் வாங்கலாம் என்று அப்போதே சொன்னேன். "என் வேலை மேல நம்பிக்கை இல்லையா? கண்ண மூடிக்கினு ஓட்டுக்கா" என்றாய். இப்போது லாரியில் ஏற்று என்கிறாய்.

நேராகக் கேட்கிறேன். லீவரில் ஏதாவது பிரச்சினையா? ஆம் என்றோ இல்லை என்றோ சொல்.

ஆஃபியா

தாம்பரம்
19 பிப்ரவரி

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது. பட்டறையில் ஆள் இல்லை.

லீவருக்கு ஒன்றும் இல்லை. நான் செய்த பொருள், எனக்குத் தெரியாதா? ஆனால் அங்கே ரோடு எப்படி, லாரிக்காரர்கள் எப்படி என்று நமக்குத் தெரியாது. நீ தனியாக இருக்கிறாய். வழியில் ஏதாவது ஒன்று என்றால் இறங்கி நடக்கக்கூட முடியாது. அதனால்தான் சொல்கிறேன். ஷபீனாவும் அதையேதான் சொல்கிறாள். லாரியில் ஏற்றிவிடு. நைரோபி வந்ததும் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் விட்டு எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்த பிறகு ஓட்டு. கப்பலில் குலுங்கியிருக்கும்.

கோபப்படாதே.

சாஜித்

நைரோபி
24 பிப்ரவரி

சாஜித்,

கோபப்படத்தான் போகிறேன்.

இறங்கி நடக்க முடியாது. இந்த வார்த்தையை நான் எத்தனை வயதிலிருந்து கேட்கிறேன் தெரியுமா? கல்லூரிச் சுற்றுலாவுக்கு அத்தா சொன்னது இதுதான். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றபோது அம்மா சொன்னதும் இதுதான். அப்போதெல்லாம் என் பக்கம் நின்றவன் நீ ஒருவன்தான். லைசென்ஸ் எடுக்க என்னைக் கூட்டிக்கொண்டு போனவன் நீ. நான் நாடு தாண்டி வந்த பிறகு நீயும் அந்த வரிசையில் போய் நின்றுகொண்டாய்.

கப்பல் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வண்டியைக் கையில் கொடுக்கிறார்கள். சனிக்கிழமை, மார்ச் ஒன்று, காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறேன். கிறிஸ்டி கூட வருகிறாள். எங்கள் மருத்துவமனை நர்ஸ், குரோம்பேட்டைக்காரி, வண்டி ஓட்டத் தெரியாது. நான்தான் ஓட்டுவேன், ஐந்நூறு கிலோமீட்டரும். மறுநாள் நோன்பு தொடங்குகிறது. அதற்குள் வீட்டில் இருப்பேன்.

அதுவரை எழுதாதே. எழுதினாலும் வீடு சேர்ந்த பிறகுதான் திறப்பேன்.

ஆஃபியா

தாம்பரம்
1 மார்ச், காலை மணி ஏழு

அக்கா,

நீ கிளம்புவதற்கு முன் இதைப் படிக்க வேண்டும். படித்துவிடு. நேற்று மாலையிலிருந்து என் போனிலும் ஷபீனா போனிலும் மாறி மாறி அடிக்கிறேன், போகவில்லை. பட்டறை ஆட்கள் போனிலிருந்து வெளிநாட்டுக்கு லைன் கிடைக்கவில்லை. உன் ஆபீஸ் எண்ணில் யாரும் எடுக்கவில்லை.

அந்த வண்டியை ஓட்டாதே. லீவர் உடைந்தது. உன்னிடம் பொய் சொன்னேன்.

ஜனவரி இருபத்திரண்டாம் தேதி காலை ஏழரை மணிக்கு வண்டியைக் கிடங்கில் விடக் கிளம்பினேன். கடைசியாக ஒருமுறை உன்னைப் போல ஓட்டிப் பார்க்கலாம் என்று இரண்டு காலையும் சீட்டுக்குக் கீழே மடக்கிக்கொண்டேன். பெருங்களத்தூர் வரை அழகாக வந்தது. வண்டலூரில் கேளம்பாக்கம் ரோட்டிலிருந்து ஒரு பைக் திரும்பியது, பின்னால் மீன் பெட்டி. லீவரைத் தள்ளினேன். அது காற்றில் தள்ளியதுபோல் போய்விட்டது. பிரேக் பெடலைப் பிடிக்கும் இடத்தில் என் வெல்டிங் விட்டிருந்தது. மடக்கிய காலை எடுத்து மிதிப்பதற்குள் இடித்துவிட்டேன். ரோடு முழுக்கச் சங்கரா மீன். அவர் கால் மடங்கிக் கிடந்தது.

அவர் பெயர் லோகு. கோவளத்துக்காரர். தினமும் கரையில் மீன் எடுத்துவந்து தாம்பரத்தில் வீடு வீடாக விற்பவர். ஆட்டோவில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். வழியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "அண்ணா, இது எங்க அக்கா வண்டி. கப்பல்ல போகணும். கேஸ் ஆச்சுன்னா வண்டிய புடிச்சு வச்சிடுவாங்க. அவங்க வேலையே போயிடும்." அவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "செரி சார், நானே வுயுந்துட்டேன்னு சொல்லிக்கிறேன், மொதல்ல கால பாரு" என்றார். அப்படியே சொன்னார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

இரண்டு நாளில் கன்டெய்னர். பட்டறையில் லைட்டை மாற்றினேன், பம்பரை அடித்து நிமிர்த்தினேன், லீவரை அதே இடத்தில் மறுபடியும் வெல்டிங் வைத்தேன். அவசரத்தில் வைத்த வெல்டிங் அது. எவ்வளவு நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கே விடலாம்.

லாரி, லாரி என்று சொல்லிப் பார்த்தேன். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. கம்பெனி லீவர் வேண்டாம் என்று சவால் விட்டவன் நான்.

நேற்று லோகுவைப் பார்க்கப் போனேன். கட்டு இன்னும் பிரிக்கவில்லை. அவர் மனைவி துர்காதான் இப்போது கூடையோடு பஸ்ஸில் வருகிறார். வண்டி போய்ச் சேர்ந்ததா என்று லோகு கேட்டார். நாளைக்கு அக்கா ஓட்டிக்கொண்டு போகிறார்கள் என்றேன்.

"அந்தக் கைப்புடி ஒட்ஞ்சத அவங்களாண்ட சொல்லிட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"இன்னா சார் நீ! அன்னிக்கு உனக்குக் கால் இருந்துச்சு, மெறிச்ச. அப்பவே எனக்கு இந்தக் கதி. அவங்க எத்த மெறிப்பாங்க?"

துர்கா அக்கா என் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து என் கையில் திணித்தார். "இப்பவே சொல்லு. சொல்லிட்டுதான் இங்கேந்து கெளம்பணும்." அப்போது அடிக்க ஆரம்பித்தேன். இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, வண்டியைத் தொடாதே.

சாஜித்

1 மார்ச், மணி பதினொன்று

தலைப்பு: வண்டியை நிறுத்து, அக்கா

இதே தலைப்பில் ஒன்பதாவது மின்னஞ்சல் இது. உள்ளே படிக்க வேண்டாம். தலைப்பைப் பார்த்தால் போதும். எங்கே இருக்கிறாயோ அங்கேயே நிறுத்து.

நைரோபி
4 மார்ச்

சாஜித்,

உயிரோடு இருக்கிறேன் என்று சனிக்கிழமை ஒரு வரி அனுப்பினேன். அதற்கு மேல் எழுத இவ்வளவு நாள் ஆயிற்று.

துறைமுகத்தில் ஒரு பரிசோதகர் வண்டியை ஓட்டிப் பார்த்தார். பிரேக்கைக் காலால் மிதித்தார். நன்றாகப் பிடிக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். லீவரை யாரும் தொடவில்லை. அது என்னவென்றே யாருக்கும் தெரியவில்லை.

ஆறு மணிக்குக் கிளம்பினோம். நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை உனக்குச் சொல்லத்தான் வேண்டும். ஜன்னலைத் திறந்துவிட்டிருந்தோம். கிறிஸ்டி பாடிக்கொண்டு வந்தாள். இரண்டு மணி நேரம் கழித்து ஓர் இறக்கத்தில், முன்னால் போன எண்ணெய் லாரி திடீரென்று நின்றது. லீவரைத் தள்ளினேன். பிடித்தது. ஆனால் பிடிப்பதற்கு முன் கைக்குள் ஒரு சின்ன நெகிழ்வு, ஒரு பல் ஆடுவதைப் போல. லாரிக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கும் இடம்தான் இருந்தது. கப்பலில் குலுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அது உன் வார்த்தை. அதற்குப் பிறகு இன்னும் நாற்பது கிலோமீட்டர் ஓட்டினேன்.

வோய் என்ற ஊரில் டீ குடிக்க நிறுத்தினோம். மணி பார்க்கப் போனை எடுத்தேன். ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே தலைப்பு. திறந்து படித்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு கிறிஸ்டி டம்ளரைக் கீழே வைத்தாள்.

என்னால் குனிய முடியாது. அவள்தான் போன் வெளிச்சத்தோடு சீட்டுக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்தாள். "அக்கா, இங்க ஒரு கோடு இருக்கு. தலமுடி மாதிரி. சுத்தி முக்கால்வாசி ஓடுது." கை வைக்காதே என்றேன். அவள் வெளியே வந்து, என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு இரண்டு குழந்தைகள், சாஜித். குரோம்பேட்டையில் அவர்கள் பாட்டியோடு இருக்கிறார்கள். நான் கூப்பிட்டேன் என்பதற்காகத்தான் வந்தாள்.

மதியம் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது.

வெல்டிங் விடுவது எந்தப் பட்டறையிலும் நடக்கும். அதற்காக உன்னிடம் ஒரு சொல் கேட்டிருக்க மாட்டேன். நான் நேராகக் கேட்டேன். நீ இல்லை என்று எழுதினாய். அந்த வரியை இப்போதும் திறந்து பார்க்கிறேன்.

இனி செய்ய வேண்டியதைக் கேள். லோகுவைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் போ. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடு. வழக்கு இல்லாமல் அவரால் இன்ஷூரன்ஸில் எதுவும் கேட்க முடியாது. அன்று ஆட்டோவில் கெஞ்சி நீ அவரிடமிருந்து பறித்தது அதைத்தான். என் உறுதிமொழி தவறு என்று நான் இங்கே சுங்கத்துறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வண்டியை எடுத்துக்கொண்டு போய் விசாரணைக்காக நிறுத்தியிருக்கிறார்கள். வேலை என்ன ஆகும் என்று தெரியாது.

இன்னொன்று. இந்த லீவரை நீ வேறு யார் யாருக்குச் செய்து கொடுத்தாய்? எல்லார் பெயரும் எனக்கு வேண்டும்.

ஆஃபியா

தாம்பரம்
17 மார்ச்

அக்கா,

ஐந்து பேர். பெயர்களையும் எண்களையும் தனியாக இணைத்திருக்கிறேன். நீ கேட்கும் வரை அவர்களை நான் நினைக்கவேயில்லை. படித்த உடனே பட்டறையைப் பூட்டிவிட்டு ஓடினேன்.

பல்லாவரத்தில் இருவர், மேடவாக்கத்தில் ஒருவர், கூடுவாஞ்சேரியில் பேபி டீச்சர். நால்வர் வண்டியிலும் வெல்டிங் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் கழற்றிவிட்டேன். ஐந்தாவது, சேலையூர் துளசிங்கம் சார், பத்திரப்பதிவு ஆபீஸில் வேலை. அவர் ஆபீஸுக்குக் கிளம்பி வண்டியில் உட்கார்ந்திருந்தார். இறங்குங்கள் என்றேன். "யோவ், மணி ஒன்பதர ஆவுது, வெளையாடுறியா?" என்று கத்தினார். நான் கீழே படுத்துப் பார்த்தேன். அதே இடம், அதே கோடு. போனில் படமெடுத்து, எழுந்து அவரிடம் காட்டினேன். அவர் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். துளசிங்கம் சார் சாவியை உருவிக்கொண்டு, "நேத்து மேம்பாலத்துல எறங்கும்போது பேத்திய முன்னாடி உக்கார வச்சிருந்தேன்" என்றார். நான் அங்கேயே ரோட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஐந்து பேருக்கும் கம்பெனி லீவர் வரும் வரை, காலையிலும் மாலையிலும் என் ஆட்கள் வண்டி ஓட்டுகிறார்கள். துளசிங்கம் சார் மட்டும் என் பட்டறை ஆட்கள் வேண்டாம் என்றார். அவருக்கு வெளியாள் ஒருவரை அனுப்புகிறேன்.

ஸ்டேஷனுக்கு ஐந்தாம் தேதியே போய்விட்டேன். லோகு அண்ணன் ஊன்றுகோலோடு வந்தார். இன்ஸ்பெக்டர் அவரைத்தான் முதலில் பிடித்தார். "ஆஸ்பத்திரில ஏன்யா பொய் சொன்ன?" அதற்கு அவர், "இந்த சார் அழுதுகினே வந்தாரு, எனக்குப் பாக்க பேஜாரா பூட்ச்சு. அதான் சார்" என்றார். அந்தப் பொய்யைச் சொல்லச் சொன்னவன் நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள். அதனால்தான் அவர்கள் வண்டியை நான் ஓட்டவில்லை. வழக்கு செங்கல்பட்டு நீதிமன்றத்தில் ஜூன் பதினாறு. வண்டிக்கு உரிமையாளர் என்று உனக்கும் நோட்டீஸ் வரும்.

ஷபீனா பத்து நாளாக என்னோடு பேசவில்லை. அவளிடமும் தூண் கதையைத்தான் சொல்லியிருந்தேன். நோன்பு திறக்கும்போது கஞ்சிக் கிண்ணத்தை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதி எழுதி அழித்துவிட்டேன். அதைக் கேட்கும் இடத்தில் நான் இல்லை.

சாஜித்

நைரோபி
6 ஏப்ரல்

சாஜித்,

உன் கடிதத்தைப் பெருநாள் முடிந்து மறுபடியும் படித்தேன். பெருநாள் தொழுகை முடிந்ததும் துளசிங்கம் சாருக்கு நானே போன் செய்தேன். அரை மணி நேரம் திட்டினார். உன்னைத்தான். கேட்டுக்கொண்டேன். கடைசியில், ஒழுங்காக வீடு தேடி வந்து சொன்னான், அது வரைக்கும் சரி என்று வைத்துவிட்டார்.

வண்டியை இருபத்திரண்டு நாள் நிறுத்தி வைத்திருந்தார்கள். நான் கொடுத்த திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். எச்சரிக்கை கொடுத்து விட்டுவிட்டார்கள். கம்பெனி லீவர் வந்தது. அதைப் பொருத்தத் தெரிந்த ஒருவர் பொருத்தினார். கையால்தான் சோதிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

மூன்று மருத்துவமனைப் பொறுப்பு இனி எனக்கு இல்லை. மார்ச்சில் இரண்டு முறை வாடகைக் கார் கிடைக்காமல் என்னால் போக முடியாமல் போனது. வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். ஒரே ஒரு மருத்துவமனையில் வைத்துக்கொண்டார்கள், தகுதிகாண் காலமும் ஆறு மாதம் நீண்டுவிட்டது. நான் வருத்தப்படவில்லை என்று எழுதினால் அது பொய். கிறிஸ்டி என்னோடு நன்றாகத்தான் பேசுகிறாள். ஆனால் காரில் ஏற மாட்டேன் என்கிறாள். நானும் கூப்பிடுவதில்லை.

நோட்டீஸ் வந்தது. வக்கீலை அனுப்பினால் போதும், நான் வர வேண்டியதில்லை என்கிறார்கள். வருகிறேன். உன்னைக் காப்பாற்றுவதற்கு வரவில்லை. லோகுவின் பக்கம் கேட்டால், எனக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் சொல்லுவேன். நான் நேராகக் கேட்டதையும், நீ இல்லை என்று எழுதியதையும் சேர்த்துத்தான். அது என் தம்பிக்கு எதிராகப் போகும் என்று தெரிந்தே சொல்லுவேன். முதலில் கோவளம் போய் அவர்கள் இருவரையும் பார்க்க வேண்டும். நீ கூட வர வேண்டாம். வழி மட்டும் சொல்.

நீதிமன்றம் முடிந்த பிறகு உன் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறேன். ஷபீனாவிடம் சொல்லி வை. அவள் உன்னோடு பேசாவிட்டாலும் என்னோடு பேசுவாள்.

ஜூன் பதினான்காம் தேதி, சனிக்கிழமை, காலை எட்டே முக்காலுக்கு விமானம் இறங்குகிறது. நீ வா. யாரையும் அனுப்பாதே.

ஆஃபியா